நாலு பட்டன்

"அண்ணா, உண்மையச் சொல்லு. அண்ணி இதுவரைக்கும் ஒரு வேலையையாவது முழுசா முடிச்சிருக்காங்களா?"

கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, அலமாரியைக் குடைந்துகொண்டே கேட்டாள் என் தங்கை. என் மனைவி பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். ஆள் இல்லாத நேரத்தில் அலமாரியைக் குடைவது தப்புதான். ஆனால் அந்தச் சந்தேகம் எனக்கே ரொம்ப நாளாக உண்டு. அதனால் தடுக்கவில்லை.

"இந்தப் போர்வையப் பாரு."

துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த போர்வை. மூன்று பக்கம் கரை மடித்துத் தைத்தாயிற்று. நாலாவது பக்கம் பப்பரப்பா என்று கிடந்தது.

"இந்த சாக்ஸுக்கு விரல் பக்கம் மூடல. இந்தத் தலையணை உறைல பூனை இருக்கு, மீசையக் காணோம்!"

"மீசை இல்லாட்டி என்ன, பூனை பூனைதானே?" என்றேன். கட்டினவளை விட்டுக்கொடுக்க முடியுமா?

என் மனைவிக்கு ஊசியும் நூலும் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். மாசக்கணக்கில் பின்னுவாள், தைப்பாள். முடியப்போகிற நேரம் பார்த்து மடித்து வைத்துவிடுவாள். வியாழக்கிழமை ஆனால் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு "க்ளாஸ்" என்று கிளம்பிவிடுவாள். ஒரு மாசம் கழித்துப் பார்த்தால் அது முடிந்திருக்கும். முடித்த இடம் மட்டும் கோணல்மாணலாக இருக்கும். என்ன க்ளாஸோ, கற்றுக்கொள்ளக் கொள்ள வேலை மோசமாகிறதே என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள்.

"அடப்பாவமே! இது என் பையனுக்குப் பின்னினதுதானே?"

தங்கை கையில் ஒரு மஞ்சள் ஸ்வெட்டர்.

"இதோ தரேன், அதோ தரேன்னு ஆறு மாசமா இழுத்தடிக்கிறாங்க. வேணும்கிறது நாலே நாலு பட்டன். ஒண்ணுதான் தைச்சிருக்கு. அளவு வேற பெருசு. ஒரு வயசுப் பிள்ளைக்கு ஆகும்."

"வளர்ற பிள்ளைதானே?"

"தைச்ச ஒண்ணாவது லட்சணமா இருக்கா, பாரு. ஓட்டைக்கு நேரா இல்ல, நூல் சிண்டு சிண்டா தொங்குது. எங்க மாமனார் கோட்டு தைச்சே பேர் வாங்கின டெய்லர். இதப் பாத்தார்னா தலைல அடிச்சுப்பார்."

"அவர் இப்ப எப்படி இருக்கார்?"

"அப்படியேதான். பக்கவாதம் வந்த கை. இனிமே ஊசிய எங்க பிடிக்கறது? ஹோம்ல நல்லாத்தான் பாத்துக்கறாங்க. இவன வெச்சுக்கிட்டு எனக்கு அங்க போக எங்க நேரம்?"

பேசிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தாள். அந்தக் கோணல் பட்டனை நறுக்கென்று வெட்டினாள். பத்தே நிமிஷத்தில் நாலு பட்டனையும் வரிசையாகத் தைத்துவிட்டாள். அவள் கை சுத்தம், அதைச் சொல்லியாக வேண்டும்.

என் மனைவி உள்ளே வந்தாள்.

"அண்ணி! உங்க வேலைய முடிச்சுக் குடுத்துட்டேன், பாருங்க!"

பால் பாக்கெட்டைக்கூடக் கீழே வைக்காமல் ஸ்வெட்டரையே பார்த்தாள் என் மனைவி.

"ஏற்கெனவே ஒண்ணு தைச்சிருந்துச்சே?"

"அந்தக் கோணலா? வெட்டிட்டுப் புதுசா தைச்சேன்."

பால் பாக்கெட்டைக் கீழே வைத்தாள். அதே கத்தரிக்கோலை எடுத்து, நாலு பட்டனையும் ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டாள்.

தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் தைச்சா ஆகாதா? இவ்வளவு அகம்பாவமா உங்களுக்கு?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன பைத்தியமா? பிள்ளைக்காக ஆசையா உட்கார்ந்து தைச்சிருக்கா!"

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, நான் வியாழக்கிழமை போறது க்ளாஸுக்கு இல்ல. இவ மாமனார் இருக்கிற ஹோமுக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தங்கையைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"கை விழுந்தவங்களுக்கு அங்க ரப்பர் பந்தக் கொடுத்து அமுக்கச் சொல்றாங்க. நாள் பூரா அமுக்கினாலும், இத நான்தான் முடிச்சேன்னு காட்ட கைல ஒண்ணும் இருக்காதே. அதான் எல்லாத்துலயும் கடைசிக் கொஞ்சத்த அவங்களுக்கு விட்டுவெக்கிறேன். பூனைக்கு மீசை ஒரு பஸ் டிரைவர் தைக்கப்போறார். ஸ்வெட்டர் பட்டன மட்டும் வேற யாருக்கும் தரக்கூடாதுன்னு மாமா சொல்லிட்டார்."

"எங்க... எங்க மாமாவா?" என்றாள் தங்கை.

"ஆமாம்மா. ஊசில நூல் கோக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆச்சு. அந்த ஒத்தப் பட்டனத் தைக்க மூணு வாரம். தைச்சு முடிச்சிட்டு, அத எனக்குத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நாலையும் முடிச்சிட்டுப் பேரனுக்குத் தன் கையாலதான் போட்டுவிடணுமாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். நாளாகும்னு தெரிஞ்சுதான் அளவப் பெருசா பின்னினேன்."

தங்கை தரையில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த பட்டன்களைப் பொறுக்கினாள். எது அந்தப் பட்டன் என்று தேடினாள் போல. நாலும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பட்டன்களை என் மனைவியிடம் நீட்டிச் சொன்னாள்: "வர்ற வியாழக்கிழமை நானும் இவனும் வரோம் அண்ணி. இன்னும் மூணு பட்டன்தானே மாமாவுக்குப் பாக்கி?"

"அவசியம் வா," என்று அவள் தோளில் கைவைத்தாள் என் மனைவி. "ஆனா மூணு இல்லம்மா. இப்ப நாலு."