ஊசிக்கு எது ஜோடி

தலைமையாசிரியை தம் மேசைக்குப் பின்னால். அவருக்கு வலப்பக்கம் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, மடியில் மதிப்பெண் பதிவேடு. எதிரே பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த உளவியல் ஆய்வாளர் அம்மையார். அவருக்கு அடுத்து குழந்தையின் அம்மா.

அம்மாவுக்குப் பக்கத்தில், குழந்தையின் அப்பாவுக்கென்று போட்ட நாற்காலி. காலி.

ஜன்னலோரப் பெஞ்சில் குழந்தை. வாசலில் டீத் தட்டோடு பியூன். மூலை மேசையில், கூட்டக் குறிப்பு எழுதுவதற்காக, எழுத்தராகிய நான்.

நேரம் காலை பத்து பத்து. பொருள்: ஒன்றாம் வகுப்புக் குழந்தையை மெல்லக் கற்போர் பள்ளிக்கு மாற்றுவது.

அந்தப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஒருமுறை போன பிள்ளை திரும்பி வந்ததாக எங்கள் பதிவேட்டில் இல்லை.

மாற்றுச் சான்றிதழைத் திங்களன்றே தட்டச்சு செய்துவிட்டேன். கையெழுத்துதான் பாக்கி. நான் பிழை விடுகிறவன் அல்ல. அந்த ஒரு தாளில் மூன்று பிழை.

எல்லாம் வகுப்பில் வைத்த ஒரு சோதனையின் பன்னிரண்டு அட்டைகளால் வந்தது. அட்டைக்கு மூன்று படம். அதில் சேர்ந்து போகும் இரண்டைத் தொட வேண்டும்.

ஊசி, நூல், கத்தரிக்கோல் என்றால் ஊசியும் கத்தரிக்கோலும் என்றது விடைக்குறிப்பு. இரண்டும் கருவி. இவள் ஊசியையும் நூலையும் தொட்டாள். நாய், பூனை, எலும்பு என்றால் நாயையும் எலும்பையும். குடை, தொப்பி, மழை என்றால் குடையையும் மழையையும்.

பன்னிரண்டுக்கு இரண்டு.

பிள்ளை முரண்டு பிடிக்கவில்லை, இனம் பிரிக்கத்தான் வரவில்லை என்றார் வகுப்பாசிரியை. குற்றமாகச் சொல்லவில்லை.

இந்த அட்டைகளை யார், யாருக்காகச் செய்தார்கள் என்று கேட்டார் ஆய்வாளர். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். கடல் தாண்டிய ஒரு தேசத்தின் பெயர் இருந்தது. விடைக்குறிப்பும் அந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்துத் தயாரித்தது.

பிறகு குழந்தையைக் கூப்பிட்டார். அவள் முதலில் என் மேசைப் பக்கம் வரப் பார்த்தாள். அம்மா கண்ணைக் காட்டியதும் போய் நின்றாள்.

ஊசியோடு ஏன் நூலை வைத்தாய் என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"நூல் இல்லன்னா ஊசி சும்மா குத்திக்கிட்டுதானே இருக்கும்?"

பியூன் சிரித்துவிட்டார். தலைமையாசிரியை திரும்பியதும் விழுங்கிக்கொண்டார்.

குழந்தையை அளக்கும் முன் அளவுகோலை அளந்து பார்ப்போம் என்று ஆய்வாளர் எல்லோருக்கும் வெள்ளைத் தாள் கொடுத்தார். பியூனுக்கும். பக்கத்துத் தாளைப் பார்க்கக் கூடாது, யோசித்து மாற்றக் கூடாது. நான் குறிப்பு எழுத வேண்டும் என்றேன். குறிப்பு எங்கேயும் ஓடிவிடாது, நீங்களும் எழுதுங்கள் என்றார்.

அவர் ஒவ்வொரு அட்டையாகக் காட்டினார். பென்சில் உரசும் சத்தம் மட்டும்.

தாள்களை வாங்கி அவரே சரிபார்த்துப் படித்தார். வகுப்பாசிரியைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. விடைக்குறிப்பை வைத்துத் திருத்தியவர் கணக்கில் வரமாட்டார் என்று அதைச் சிரித்தபடி ஓரம் வைத்தார். பியூனுக்கு மூன்று. குழந்தையின் அம்மாவுக்கு இரண்டு. எனக்கும் இரண்டு.

கடைசித் தாளை அவர் படிக்கவில்லை. மேசைமேல் தள்ளி வைத்தார். தலைமையாசிரியை கண்ணாடி போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

ஒன்று.

"அப்ப ரெண்டு பஸ் மாறி நானும்தான் போகணும் போலிருக்கே," என்றார்.

ஆய்வாளர் பொறுமையாக விளக்கினார். எது எந்த இனம் என்று பார்த்து அடுக்குகிற ஊர்கள் உண்டு. எதற்கு எது வேண்டும் என்று பார்த்துச் சேர்க்கிற ஊர்களும் உண்டு. வளர்ந்த வீடும் பழகிய மனிதர்களும் கண்ணுக்குக் கற்றுக்கொடுப்பது அது. புத்தி கூடவா குறைவா என்பது வேறு கதை. எங்கோ தைத்த செருப்புக்காக இங்கே காலை வெட்டலாமா என்று கேட்டார்.

தலைமையாசிரியை மாற்றுச் சான்றிதழை நான்காகக் கிழித்தார்.

குழந்தையின் அம்மா பக்கத்துக் காலி நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. யார் வயிற்றில் என்று எழுதக் கூட்டக் குறிப்பில் இடம் இல்லை.

முடிவைத் தலைமையாசிரியை சொல்லச் சொல்ல எழுதினேன். குழந்தை இதே வகுப்பில், இதே ஆசிரியையிடம் தொடரும். அந்த மதிப்பெண் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். இனி அட்டைப் பெட்டியை யாரும் எடுக்கக் கூடாது. இதைப் பெற்றோருக்குப் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும்.

கடிதத்தை அடித்தேன். மூன்று முறை படித்தேன். ஒரு பிழை இல்லை.

உறையில் பெறுநர் முகவரியை எழுதும்போது பியூன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் போயி தபாலா சார்? சாயங்காலம் வீட்டுக்குப் போறப்போ நீங்களே பாப்பா அம்மாகிட்ட குடுத்துடலாமே."

கூட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாற்காலிதான், எதில் உட்காருவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். குறிப்பை வேறு யாரும் பிழையில்லாமல் எழுத மாட்டார்கள் என்று நான் மூலை மேசையைத் தேர்ந்தெடுத்தேன்.

தபால்தான் முறை என்று பியூனிடம் சொன்னேன். தபால்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்று என் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். அவள் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்.

உறையின் வாயில் பசையை இரண்டு முறை தடவி ஒட்டினேன். பள்ளி முத்திரையைக் குத்தினேன். மதியமே தபால் நிலையத்துக்கு நடந்து போய், கவுன்டரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன்.