சாத்திய கதவு

குடும்ப நீதிமன்றத்தின் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ஜாஸ்மியின் விவாகரத்து விசாரணை. வெளியாட்கள் கேட்கக் கூடாது. கரண்ட் இல்லாததால் ஜன்னல்களை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். “கல்யாணத்துக்குப் பொறவு அவரு உங்களத் தொட்டதே இல்லியா?” என்ற வக்கீலின் குரல் வராந்தாவில் வந்து விழுகிறது. தங்கள் வழக்குகளுக்காகக் காத்திருப்பவர்கள் குனிந்து செருப்பைப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருத்தியான முத்துக்கனி சட்டென்று பக்கத்திலிருப்பவளிடம், “ஒங்க ஊரு கொட்டாரத்துல மழை உண்டா மக்கா?” என்று உரக்கக் கேட்கிறாள். “வயலெல்லாம் வெள்ளமாக்கும்” என்று அவளும் குரலை உயர்த்துகிறாள். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. வராந்தா முழுக்க மழையைப் பற்றியே பேசுகிறது. டவாலி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “சத்தம் போடாதீங்க, உள்ள விசாரணை நடக்குல்லா” என்கிறார். எல்லோரும் அடங்குகிறார்கள். ஜன்னல் வழியே ஜாஸ்மியின் பதில் தெளிவாக வருகிறது. “ஒருநாள்கூட இல்ல.”