மருந்து போடாத தொட்டி

சொட்டு விஷம் விட்டு மூடிவைத்த தொட்டியில் இறால் குஞ்சுகள் ஜாலியாக நீந்திக்கொண்டிருந்தன. விஷமே விடாத, திறந்த தொட்டியில் அத்தனையும் மல்லாந்து கிடந்தன.

அனிஷாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திருச்சியில் தெளிக்கிற கொசு மருந்து சாக்கடை, வாய்க்கால், ஆறு என்று ஊர்வலம் போய், கடல் முகத்துவாரத்தில் வளர்கிற இறால் குஞ்சுகளை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் அவளுடைய பி.எச்டி. ஆராய்ச்சி.

பேராசிரியர் பெஞ்சமின் இரண்டு தொட்டிகளையும் குனிந்து பார்த்தார்.

"இதை அப்படியே எழுதினா, கொசு மருந்து இறாலுக்கு டானிக்னு ஆயிடும்மா."

"என் மேல தப்பில்ல சார். தொட்டி கழுவுறது லூர்துராணி அக்கா. பிளீச்சிங் பவுடர் ஒட்டின பக்கெட்டால தண்ணி ஊத்தியிருப்பாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அப்படி எதையும் அவள் பார்க்கவில்லை. ஆனால் பழியை யார் தலையிலாவது இறக்கியாக வேண்டும். போன வருடம் லேபுக்கு சென்ட் அடித்துக்கொண்டு வந்த ஒரு மாணவரை அன்று சாயங்காலமே ஆராய்ச்சியிலிருந்து கழற்றிவிட்ட மனிதர் பெஞ்சமின்.

லேப் உதவியாளரான லூர்துராணியை அவர் கூப்பிட்டார்.

"என்னம்மா, உங்க வேலையா இது?"

லூர்துராணி தொட்டியைப் பார்த்தாள். அப்புறம் அனிஷாவைப் பார்த்தாள்.

"ஆமா சார். பக்கெட்டைச் சரியா அலசல. தப்புதான்."

"பன்னெண்டு வருஷ சர்வீஸ். ஒரு பக்கெட் அலசத் தெரியல உங்களுக்கு. மெமோ வரும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க." அனிஷா பக்கம் திரும்பினார். "வேற குஞ்சு வரவழைச்சுத் தரேன். முதல்லேருந்து ஆரம்பிம்மா."

அவர் போனதும் அனிஷாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. வாய்க்கு வந்த பொய்யை அக்காவே ஒப்புக்கொண்டதில், அது நிஜம்தான் என்று அவளே நம்பிவிட்டாள்.

"ரெண்டு மாச உழைப்பு, அக்கா. கொஞ்சம் பார்த்துச் செஞ்சிருக்கக் கூடாதா?"

லூர்துராணி கதவைச் சாத்திவிட்டு வந்து, முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிளக்கில் செருகுகிற கொசு மருந்து மெஷின். கால் முழுக்கக் கடிக்கிறதே என்று போன வாரம் அனிஷாவே கடையில் வாங்கி, மேஜைக்கு அடியில் செருகி வைத்தது.

அனிஷாவுக்கு முகம் வெளிறிப்போனது.

"ஃபேன் காத்து இந்தப் புகையை நேரா அந்தத் திறந்த தொட்டிக்கு அனுப்புதுங்கம்மா. நல்லவேளை, சார் வர்றதுக்குள்ள கழட்டிட்டேன்" என்றாள் லூர்துராணி. "நாளைக்கு எங்க வீட்டுக் கொசுவலையைக் கொண்டாந்து கட்டித் தரேன். அதுக்குள்ள உக்காந்து எழுதுங்க."