குறை எங்க பக்கம்தான்

"மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி. கல்யாணமாகி ஆறு வருஷமா குழந்தை இல்ல. என் பையன்கிட்ட இருக்கற குறைக்கு உங்க பொண்ணு ஊசி போட்டுக்கறா," என்றாள் பையனின் அம்மா.

மகனும் மருமகளும் டாக்டரின் அறைக்குள் இருந்தார்கள். அம்மாக்கள் இருவரும் வெளியே பெஞ்சில்.

"எனக்காகப் பூசி மெழுகாதீங்க," என்றாள் பெண்ணின் அம்மா. "குறை என் பொண்ணுகிட்டதான். அவளே அழுதுட்டுச் சொன்னா."

"மருமகளை நான் ஒரு வார்த்தை கேட்டதுக்கு, 'குறை என்கிட்டம்மா, அவளை விடு'ன்னு பையன் முகத்துக்கு நேரா சொன்னான். பொய்யா சொல்வான்?"

"அப்ப என் பொண்ணு பொய் சொல்றாளா?"

குறையை விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. சத்தம் கேட்டு டாக்டர் கதவைத் திறந்தார். தம்பதியிடம் கேட்டுக்கொண்டு, அம்மாக்களையும் உள்ளே அழைத்து உட்காரவைத்தார்.

"குறை யார்கிட்டயும் இல்லம்மா. ரெண்டு பேர் ரிப்போர்ட்டும் சுத்தமா இருக்கு. ஏன் தள்ளிப்போகுதுன்னு எங்களுக்கே பிடிபடல. இப்படி இருந்து தானா உண்டானவங்களும் இருக்காங்க. போன வருஷமே இவங்ககிட்ட சொல்லிட்டேனே."

அவன் மனைவியைப் பார்த்தான்.

"நீயுமா?"

"உங்களை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னு..." அவள் தலை குனிந்தாள்.

வெளியே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்ததும், பையனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க சம்பந்தி. இனிமே யார் வளர்ப்பு ஒசத்தின்னு சண்டை போடுவோம்."