ஓர் ‘எஸ்’ குறைகிறது

புளியங்குளத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் ரூபன் மீது மேலிடத்துக்குப் பெயர் போடாத மொட்டைப் பெட்டிசம் போயிருந்தது. அதுவும் ஆங்கிலத்திலேயே.

பொறுப்பதிகாரி நாகேஸ்வரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். “ரூபன் இஸ் வன் ஒஃப் அவர் டீச்சர். ஹீ டஸ் நொட் நோ இங்கிலிஷ்.”

ரூபனுக்குக் கழுத்து வேர்த்தது.

“என்னை விசாரிக்கச் சொல்லியிருக்கினம், சேர். உண்மையெண்டால் உங்களை இனிப் படிப்பிக்க விடமாட்டினம். யாழ்ப்பாணக் கந்தோருக்கு மாத்தி, ஃபைல் அடுக்கத்தான் விடுவினம்.”

“நடக்கிறது நடக்கட்டும், மிஸ்” என்றான் ரூபன்.

“ஏன் பயப்பிடுறியள்? இதைப் பாருங்கோ. ‘டீச்சர்ஸ்’ எண்டெல்லோ வரவேணும்? எஸ்ஸைக் காணேல்லை. இந்தப் பிழையை விடுற ஆள்தான் எங்கட கள்ளன்.”

“விட்டிடுங்கோ மிஸ், பாவங்கள்.”

“இப்பிடி இளகின மனமாயிருந்தால் ஏறித்தான் மிதிப்பாங்கள்” என்றபடி அவர் வகுப்புக்கு நடந்தார்.

வகுப்பில் இருபத்துமூன்று பேர். இரும்புக்கடை அன்ஸார், தையல்காரி சபூறா, வயலிலிருந்து நேரே வந்து பின்வரிசையில் நித்திரை கொள்ளும் வீரையா என்று எல்லாம் முற்றிய மாணவர்கள். ஆளுக்கொரு தாள் கொடுக்கப்பட்டது.

“‘எங்கட ஆசிரியர்களில் ஒருவர்’. இதை இங்கிலிஷில எழுதுங்கோ. பக்கத்தில பாக்கக்கூடாது.”

ரூபன் கதவோரம் நின்று நகத்தைக் கடித்தான். வீரையா பேனையை மூன்று தரம் உதறினார். அந்தப் பேனை முனையில் ரூபனின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

நாகேஸ்வரி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இருபத்திரண்டிலும் எஸ் இருந்தது. வீரையா மட்டும், எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டு போட்டிருந்தார்.

“எப்பிடி ஐயா, நீங்களுமோ?”

“சேர் சொல்லித் தந்தவரெல்லோ, மிஸ். பத்துப் பேருக்குள்ள ஒராளைக் காட்டினாலும், மிச்ச ஒம்பது பேரும் எழும்பிப் போறேல்லைத்தானே? அவையளுக்குத்தான் அந்த எஸ்.”

நாகேஸ்வரி தாள்களை அடுக்கி வைத்துவிட்டு ரூபனிடம் திரும்பினார். “இப்பிடிப் படிப்பிக்கிற மனுசனுக்கோ இங்கிலிஷ் தெரியாதெண்டவங்கள்? நான் இருக்குமட்டும் உங்களை இஞ்சயிருந்து ஒருத்தரும் அசைக்கேலாது, சேர். இண்டைக்கே கந்தோருக்கு எழுதுறன்.”

வகுப்பே கை தட்டியது. ரூபனின் கண்கள் நிறைந்து வழிவதைக் கண்ட சபூறா, தன் லேஞ்சியை நீட்டினார்.

யாழ்ப்பாணத்து வீட்டோடு போய்ச் சேர ஏழு தடவை இடமாற்றம் கேட்டுக் கிடைக்காமல், கடைசியில் தன்மேல் தானே பெட்டிசம் எழுதி, மாணவர் எழுதியதுபோல் இருக்கட்டுமென்று அந்த ஓர் எஸ்ஸை மனமேயில்லாமல் அழித்திருந்த ரூபன், லேஞ்சியை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.