ஏழு ஜாங்கிரி

இலையில் ஏழாவது ஜாங்கிரி விழுந்ததும் லோகப்பிரியா மௌஸை விட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சித்தப்பா மகள் கல்யாணப் பந்தியில் அவள் சாப்பிட்டது ஒரே ஒரு ஜாங்கிரிதான். காந்திபுரத்தில் அவள் வேலை பார்க்கும் சிக்கந்தர் பாய் ஸ்டுடியோவுக்குப் போன வருடம் வந்து இறங்கிய கம்ப்யூட்டர் அதை ஏழாக்கியது. வெட்டினாள், ஒட்டினாள், மறுபடி ஒட்டினாள். திரையில் இருந்த லோகப்பிரியா மூச்சு விடாமல் தின்றாள்.

கேசட் உடுமலைக்குப் போகிறது. பெண் பார்க்க வருவதற்கு முன்பே உறவுக்காரர் கல்யாணக் கேசட்டை வாங்கி, அதில் பெண்ணை நோட்டம் விடுவது மாப்பிள்ளை வீட்டார் வழக்கம்.

பையன் மோகன்குமார் ஏதோ சென்டர் வைத்திருக்கிறானாம். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்று அவன் அம்மா சொல்லி அனுப்பியதுதான் காதில் விழுந்தது. அப்பா அதற்கும் தலையாட்டிவிட்டார்.

இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவளுக்கு மனசே இல்லை. மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லும் தைரியமும் இல்லை. அவர்களே வேண்டாம் என்றுவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

ஒரு வாரம் கழித்துத் தரகர் ஐயாசாமி வந்தார். லோகப்பிரியா காபியைக் கொடுத்துவிட்டு, சோகமாக முகத்தை வைத்துக்கொள்ளத் தயாராகக் கதவோரம் நின்றாள்.

"அவங்கம்மாவுக்குக் கொஞ்சம் யோசனைதானுங்க, இத்தனை இனிப்பு ஆகுமான்னாங்க. பையன்தான் அவரோட கல்யாண வீடியோ சென்டர்ல திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சாருங்க."

ஐயாசாமி காபியை ஆற்றிக்கொண்டார்.

"பக்கத்து இலையில இருந்த அம்மாவுக்குச் சளி தேவலையான்னு கேக்கச் சொன்னாருங்க. ஒவ்வொரு ஜாங்கிரிக்கும் ஒரு தும்மல் போடறாங்களாமா. ஏழு தும்மலுங்க!"

"ராசாத்தாளுக்கா? அவளுக்கு ஏதுங்க சளி?" அப்பா விழித்தார்.

லோகப்பிரியாவுக்குக் காது சுட்டது. இரண்டு நாள் தன் வாயையே பார்த்துப் பார்த்து வெட்டியதில், பக்கத்தில் தும்மிய ராசாத்தாள் அத்தையை அவள் பார்க்கவே இல்லை.

"அப்பறம், பொண்ணு வேலையை விடவே வேண்டாமுங்களாமா. அம்மாகிட்ட அவரே பேசிப்போட்டாருங்க. இன்னும் கொஞ்ச நாள் தொழில் பழகோணுமாமா."

அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தாள்.

"இரு அம்மணி, இதையும் குடுக்கச் சொன்னாரு."

ஐயாசாமி மஞ்சள் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார்.

"அவங்க பெரியப்பன் ஊட்டுக் கல்யாணமாமா. இதுல அவரு எட்டு ஜாங்கிரி திங்கறாரு கண்ணு. பக்கத்துல ஆருமே தும்மலை."