தேயாத டயர்

கடைக்காரர் மகன் கழற்றிக் கொண்டுவந்திருந்த அந்தக் காலத்துக் கார் டயரைப் புரட்டிப் பார்த்தார். "தினமும் ஓடுற வண்டின்னீங்க, தேயவே இல்லையே! வயசாகி வெடிப்புதான் விட்டிருக்கு."

"அப்பா பூப்போல ஓட்டுவார்," என்றான் அவன்.

"அலாய் வீல் போட்டு, அகலமான டயரா மாட்டிடலாமா?"

"ஐயோ! பழைய மாதிரியேதான் வேணும். கொஞ்சம் மாறினாலும் ஆபீசுக்கு நடந்தே கிளம்பிடுவார். நேத்து இந்த வெடிப்பைப் பார்த்துட்டு அப்படித்தான் போயிட்டார். ஊரெல்லாம் தேடினேன்."

"இந்த வயசுலயும் ஆபீசா?"

"சொன்னா கேட்டாத்தானே!"

மறுநாள் அப்பா புது டயர்களை உதைத்துப் பார்த்துவிட்டு, திருப்தியாக ஏறிச் சாவியைத் திருகினார்.

பக்கத்து சீட்டில் மகன் வாயைக் குவித்து உறுமத் தொடங்கினான். என்ஜினைக் கழற்றி வருடக்கணக்காகிறது.

"மேடு வருதுடா," என்று அப்பா அழுத்தி மிதித்தார்.

கொட்டகைக்குள் அசையாமல் நின்ற காரில், மகன் மூச்சை இழுத்துக் குரலை உயர்த்தினான்.